தரீபாவின் ஈயத்துக்குள் இருக்கும் ஆண்டிமனி: புவியியல் ஆய்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், ஒன்றிய சுரங்கத் துறை அமைச்சகத்தின் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

2023 ஜூனில் அமைச்சகம் வெளியிட்ட முக்கியக் கனிமங்களின் பட்டியலில் 30 பெயர்கள் இருந்தன. ஈயத்தைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் ஆண்டிமனி எனும் தனிமம் அவற்றில் ஒன்று. மறு ஆண்டே, 2024 செப்டம்பர் 15 முதல், சீனா தன் ஆண்டிமனி ஏற்றுமதிக்கு உரிமக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உலகச் சந்தையில் விலை தாறுமாறாக ஏறியது. 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இனி ஆண்டிமனியைத் தேடி ஆய்வுக் குழுக்கள் மலை ஏறும். ஏறட்டும், அது தேவைதான். ஆனால் நாம் ஏற்கெனவே தோண்டி, துளையிட்டு, வெட்டி, மெருகேற்றிப் பார்த்துவிட்ட பழைய ஈயச் சுரங்கங்களில் ஆண்டிமனி இருக்கிறது. அந்தச் சுரங்கங்களிலிருந்து எடுத்த கல் மாதிரிகளையும், துளையிட்டு உருளையாக எடுத்த பாறைத் துண்டுகளான துளைக் கோர்களையும், தள வரைபடங்களையும் தொலையாமல் காப்பாற்றி, ஆண்டிமனிக்காக மறுபடி ஆராய்ந்து, எல்லோரும் பார்க்கும்படி திறந்துவையுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் கனிமவியல் கற்பிப்பவன். தாது நுண்ணோக்கியின் அடியில் கலீனாவை வைத்து மாணவர்களிடம் காட்டுவது என் வேலையின் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: கலீனா எனும் ஈய சல்பைடைத் தனியாகப் பார்ப்பது அரிது. மெருகிட்ட பரப்பில் பளபளப்பான வெள்ளைக்கு நடுவே, சற்றே பச்சையோ நீலமோ கலந்த சாம்பல் நிறத்தில் மெல்லிய கீற்றுகள், புள்ளிகள், ஊசிகள் தெரியும். மாணவர்கள் அவற்றைக் கீறல் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அவைதான் ஆண்டிமனியின் இருப்பிடம்.

ராஜஸ்தானை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தியாவில் இந்த விஷயம் முழுதாகத் தெரிவது அங்கேதான். ராஜ்சமந்த் மாவட்டத்தில் ராஜ்புரா–தரீபா தாதுப் பட்டை இருக்கிறது. அதன் தலைப்பகுதியில் துருப்பிடித்த சிவப்பும் பழுப்புமாக நிற்கும் இரும்பு ஆக்சைடுக் கூரையை, கோசான் என்று நாம் சொல்வதை, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்தது உங்கள் துறை. நல்ல காரியம். அந்தத் துருவுக்குக் கீழே பழங்காலச் சுரங்கத் தொழிலாளர்கள் நூறு மீட்டரையும் தாண்டி இறங்கியிருக்கிறார்கள். இடிந்து விழாமல் இருக்க அவர்கள் அடுக்கி வைத்த மரத் தாங்குகள், கதிரியக்கக் கரிம ஆய்வில் 2000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை என்று தெரியவந்தது. அவர்கள் தேடியது வெள்ளி. ஈயத்தை உருக்கி, ஊதி, ஆக்சைடாக்கி ஒதுக்கினால் அடியில் தங்கும் வெள்ளிக்காகத்தான் அத்தனை ஆழம் போனார்கள். அந்த வெள்ளியில் கணிசமான பங்கு ஆண்டிமனிக் கனிமங்களுக்குள்ளே இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கோரிக்கை முழுவதும் இந்த வேதியியலின் மேல்தான் நிற்கிறது.

ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய தரீபாவும், அதே மாநிலத்தின் இன்னொரு சுரங்கப் பகுதியான அகுச்சாவும் கடலடிப் படுகைகள். கரிமம் மிகுந்த சேறும், டோலமைட் எனும் சுண்ணாம்பு வகைப் பாறையும் படிந்துகொண்டிருந்த அந்தப் படுகைகளுக்குள், ஆழத்திலிருந்து சூடான உப்பு நீர் பிளவுகள் வழியே ஏறி வந்தது. அந்த நீரில் ஈயம் குளோரைடோடு பிணைந்து பயணம் செய்யும். நீர் குளிர்ந்ததும், கந்தகம் கிடைத்ததும், ஈயம் சட்டென்று கலீனாவாக விழுந்துவிடும். ஆண்டிமனி அப்படியல்ல, அது ஹைட்ராக்சைடாகவோ சல்பைடாகவோ கரைந்தபடி இன்னும் குறைந்த வெப்பம் வரை நீரிலேயே தாக்குப்பிடிக்கும். ஆகவே நரம்புகளாகப் பாய்ந்த தாதுக்களில் ஈயம் முந்தி, ஆண்டிமனி பிந்தி. முதலில் கலீனா. பின்னால் வரும் ஆண்டிமனி அந்தக் கலீனாவையே அரித்து, அதன் ஈயத்தைத் தனதாக்கிக்கொண்டு புதுக் கனிமங்களைக் கட்டும். செம்பு இருந்தால் போர்னோனைட். செம்பில்லாமல் ஈயம் தாராளமாக இருந்தால் புலாஞ்சரைட், அதில் ஐந்து ஈயத்துக்கு நான்கு ஆண்டிமனி. இரும்பும் சேர்ந்து ஈயம் குறைந்தால் ஜேம்சனைட். இன்னும் குறைந்தால் சிங்கினைட். ஈயம் தீர்ந்தே போனால் வெறும் ஸ்டிப்னைட், நம் மருத்துவ நூல்கள் அஞ்சனக்கல் என்று சொல்லும் பொருள். ஒரு பழைய சுரங்கத்தில் எந்தத் தளத்தில் இவற்றில் எது கிடைத்தது என்று குறித்து வைத்திருந்தால், தாது நீர் எங்கிருந்து எந்தப் பக்கம் ஓடியது, எங்கே களைத்தது என்பதை அந்தக் குறிப்பிலிருந்தே வாசித்துவிடலாம்.

இது ஒரு வழி. இன்னொரு வழி இன்னும் நுட்பமானது. சூடாக இருக்கும் கலீனாவின் படிகக் கட்டமைப்பில், இரண்டு ஈய அணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளியும் ஓர் ஆண்டிமனியும் சோடியாக உட்கார்ந்துகொள்ளும். ஈயம் இரண்டு மின்னேற்றம் உடையது. வெள்ளிக்கு ஒன்று, ஆண்டிமனிக்கு மூன்று. கூட்டினால் கணக்கு சரியாக வந்துவிடும். தாது ஆறும்போது கலீனாவால் இந்தச் சோடியைத் தாங்க முடியாது, வெளியே தள்ளிவிடும். அப்படி வெளியேறியவைதான் நான் மேலே சொன்ன கீற்றுகளும் புள்ளிகளும். ஆகவே ஈயத் தாதுவில் வெள்ளி அதிகம் என்று ஒரு பழைய பகுப்பாய்வு அறிக்கை சொன்னால், அங்கே ஆண்டிமனியையும் தேடிப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். வெள்ளியை வாரம் தவறாமல் அளந்த சுரங்கங்கள் பல, ஆண்டிமனியை அளந்ததில்லை. அளக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

தரீபாவில் இது வெறும் ஊகமல்ல. 1980-களின் தொடக்கத்தில் இந்திய, சோவியத் கனிமவியலாளர்கள் சேர்ந்து அந்தச் சுரங்கத்தின் தாதுவை நுண்பகுப்பாய்வு செய்தார்கள். டெட்ராஹெட்ரைட், ஜியோக்ரோனைட், ஓவைஹைட் என்று ஆண்டிமனியை ஏந்திய கனிமங்கள் வரிசையாக வந்தன. அவற்றோடு, உலகில் அதுவரை யாரும் கண்டிராத ஒரு கனிமமும் கிடைத்தது. எட்டு ஈயம், எட்டு ஆண்டிமனி, வெள்ளியும் தாலியம் எனும் நச்சு உலோகமும் சேர்ந்து இரண்டு, கந்தகம் இருபத்தொன்று. கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் புவியியல் பேராசிரியராக இருந்த சந்தோஷ் குமார் ராயின் நினைவாக அதற்கு ராயைட் என்று பெயரிட்டார்கள். இந்திய மண்ணில் முதன்முதலாகக் கண்டு உலகப் பட்டியலில் சேர்ந்த ஓர் ஈய–ஆண்டிமனிக் கனிமம்! நம் பாடநூல்களில் அதற்கு ஒரு வரி கிடையாது. புவியியல் முதுகலை படிக்கும் மாணவர்களில் பலர் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

பில்வாரா மாவட்டத்தின் ராம்புரா–அகுச்சா இன்னும் வியப்பான இடம். 1977-இல் கண்டறியப்பட்டு, இன்று உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்றாக நிற்கிறது. அங்கேயும் பழங்காலக் குழிகளும் உலைக் கசடுக் குவியல்களும் இருந்தன. அகுச்சாவின் தாது, படிந்த பிறகு 600 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் மறுபடி வெந்த தாது. கலீனா உருக 1100 டிகிரிக்கு மேல் வேண்டும். ஸ்டிப்னைட் 550 டிகிரியிலேயே உருகிவிடும். ஈயம், ஆண்டிமனி, வெள்ளி, கந்தகம் எல்லாம் சேர்ந்த கலவையும் குறைந்த வெப்பத்தில் இளகும். அப்படியென்றால் சுற்றியுள்ள பாறை திடமாகவே இருக்க, ஆண்டிமனி மிகுந்த துளிகள் மட்டும் உருகி, அழுத்தம் குறைந்த மடிப்பு முனைகளுக்கும் வெடிப்புகளுக்கும் நகர்ந்திருக்குமா? உலகெங்கும் வெந்த தாதுப் படிவுகள் பற்றி இந்தக் கேள்வி இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சூடாக விவாதிக்கப்படுகிறது. அகுச்சாவில் புலாஞ்சரைட், பைரார்ஜிரைட், குட்முண்டைட், பிரைட்ஹாப்டைட் என்று ஆண்டிமனிக் கனிமங்கள் பதிவாகியிருக்கின்றன. விடை ஆம் என்றால் ஆண்டிமனி அந்தச் சுரங்கத்தில் சீராகப் பரவியிருக்காது. சில இடங்களில் திரண்டிருக்கும். எந்த இடங்கள் என்பதைச் சொல்லக்கூடியவை, அந்தந்த மீட்டர் ஆழம் எழுதிய துளைக் கோர்கள் மட்டுமே. வெட்டி எடுத்து அரைத்துவிட்ட தாது இனி எதையும் சொல்லாது.

இந்த இடத்தில் ஜெர்மனியின் ஃபிரைபெர்க்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதுவும் ஈயமும் வெள்ளியும் ஆண்டிமனியும் கலந்த பழைய சுரங்கப் பகுதிதான்; நூற்றாண்டுகளாகத் தோண்டியது. 1765-இல் அங்கே சுரங்கக் கல்விக்கூடம் தொடங்கிய நாள் முதல் கற்களைச் சேர்த்து, பெயரும் இடமும் எழுதி அடுக்கிவைத்தார்கள். 1885-இல் அருகிலிருந்த ஹிம்மல்ஸ்ஃபூர்ஸ்ட் சுரங்கத்திலிருந்து வந்த ஒரு வெள்ளிக் கனிமம், அங்கே கனிமவியல் கற்பித்த ஆல்பின் வைஸ்பாக்கின் கண்ணில் புதிதாகப் பட்டது. ஆர்ஜிரோடைட் என்று பெயர் வைத்தார். அதைப் பகுத்த வேதியியலாளர் கிளெமன்ஸ் விங்க்ளருக்கு, கூறுகளைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏழு விழுக்காடு குறைந்தது. விடாமல் தேடி 1886-இல் ஜெர்மானியம் என்ற புதிய தனிமத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஜெர்மானியமும் இன்று உங்கள் 30 கனிமங்களின் பட்டியலில் இருக்கிறது. நூற்றாண்டுகளாகத் தோண்டிய பழைய சுரங்கப் பகுதியிலிருந்து இது வந்தது. கல்லைப் பார்க்கவும் பத்திரப்படுத்தவும் ஆள் இருந்ததால் வந்தது.

நம்மிடம் நிலைமை என்ன? சுரங்கம் ஆழப்போகும்போது மேல்தளங்களை நிரப்பி மூடுவார்கள். அது பாதுகாப்பு முறை, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மூடிய பிறகு அந்தத் தளத்துக்கு மிச்சம் இருப்பது ஏடும் கோரும்தான். தகரக் கொட்டகையில் மரப்பெட்டிகளில் அடுக்கிய கோர்கள் வெயிலிலும் மழையிலும் என்ன ஆகும் என்பது களத்தில் வேலை செய்த உங்கள் அலுவலர்களுக்குத் தெரியும். பெட்டி செல்லரிக்கும், ஆழம் எழுதிய எண் அழியும், சல்பைடு ஈரம் பட்டுச் சல்பேட்டாகிப் பொடியும். எண் அழிந்த கோர் வெறும் கல். கல்லூரிகளில் இன்னும் மோசம். பாடப்பிரிவு சுருங்கியபோது, பல ஆண்டு உழைப்பில் ஆசிரியர்கள் செய்துவைத்த மெருகிட்ட தாதுத் தகடுகள் பழைய சாமான்களோடு வெளியேறியதை நான் ஒரு கல்லூரியில் கண்ணால் பார்த்தேன். யாரையும் பழிக்க இதை எழுதவில்லை. அவற்றை வாங்கி வைத்துக்கொள்ள நாட்டில் ஓர் இடம் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல எவரும் இல்லை.

2023 டிசம்பரில் நீங்கள் தொடங்கிய தேசியப் புவியறிவியல் தரவுக் களஞ்சியம் ஒரு பெரிய கதவு. நிலவேதியியல் வரைபடங்களும் புவியியல் வரைபடங்களும் அதில் கிடைப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவி. அதே களஞ்சியத்தில் பழைய ஈயச் சுரங்கங்களுக்கென்று ஒரு பகுதி வேண்டும். தரீபா, அகுச்சா, ஜாவர் மூன்றிலும் தொடங்கலாம். எந்தத் துளை, எந்த ஆழம், என்ன கனிமம், அதில் ஆண்டிமனி எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, தாலியம் எவ்வளவு, கோர் இப்போது எங்கே இருக்கிறது. நிறுவனங்களின் வணிக ரகசியம் குறுக்கே வரும் என்பது தெரியும். தாதுக் கையிருப்பையும் தரத்தையும் கேட்கவில்லை. வெட்டி முடித்து மூடிய தளங்களின் கனிமவியல் யாருடைய போட்டியையும் பாதிக்காது. ஆந்திரத்தின் அக்னிகுண்டாலாப் பகுதியில் பண்டலமொட்டு ஈயச் சுரங்கத்தின் பழைய மாதிரிகளையும் இதோடு சேர்த்தால் தென்னிந்திய மாணவர்களுக்கு எட்டும் தூரத்தில் ஒன்று கிடைக்கும்.

ஜாவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். உதய்பூருக்குத் தெற்கே இருக்கும் அந்த மலைகள் துத்தநாகத்தை வாலையில் வடித்த உலகின் பழைய தொழிற்கூடம். 1983-இல் நடந்த அகழாய்வில், கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகள் அடுக்கிய அடுக்கிலேயே உலையோடு கிடைத்தன. தொல்லியலாளர்கள் அதைப் போற்றுகிறார்கள், சரி. ஆனால் குடுவைக்குள் ஒட்டிய கசடும் குவியல்களும் தாதுவின் வேதியியலையும் சுமந்திருக்கின்றன. புவியியலாளரும் தொல்லியலாளரும் ஒரே குவியலைச் சேர்ந்து படிக்க உங்கள் துறை முன்கை எடுக்க வேண்டும்.

மிகைப்படுத்தி நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை. ராஜஸ்தானின் ஈயத் தாதுக்களை வைத்து நாட்டின் ஆண்டிமனித் தேவை முழுவதையும் தீர்த்துவிட முடியாது. அங்கே ஆண்டிமனி துணைப்பொருள்தான். ஆனால் துணைப்பொருளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: தோண்டுவது, அரைப்பது, உருக்குவது எல்லாம் ஈயத்துக்காகவும் துத்தநாகத்துக்காகவும் ஏற்கெனவே நடக்கிறது. உருக்கிய ஈயத்தைச் சுத்தம் செய்யும்போது ஆண்டிமனி மேலே கசடாக ஒதுங்கும். மின்பகுப்பில் சுத்திகரித்தால் நேர்மின்வாயில் சேறாகத் தங்கும். அரைத்த தாதுவை நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கும் மிதப்பு முறையில் ஈயத்தோடு சேராமல் தப்பியது கழிவுக் குழம்போடு அணைக்குப் போகும். சுரங்க வாயில் முதல் உலையின் கடைசிக் கட்டம் வரை ஆண்டிமனி எங்கெங்கே எத்தனை பங்கு போகிறது என்ற கணக்கு பொதுவெளியில் வேண்டும். லாஹௌலின் பாரா ஷிக்ரியில் ஸ்டிப்னைட் தனித் தாதுவாகவே இருக்கிறது. ஆனால் அது பனியாற்றின் ஓரம், ஆண்டின் சில மாதங்களே எட்ட முடிகிற உயரம். அந்தப் பனிமலையைக் குடைய முடிவெடுக்கும் முன், சமவெளியில் ஏற்கெனவே அரைத்துக் கொட்டிய கழிவணைகளில் என்ன இருக்கிறது என்று அளந்துவிடுவது நியாயம். பழைய ஈய–அமில பேட்டரிகளின் தகடுகளைக் கெட்டிப்படுத்தச் சேர்த்த ஆண்டிமனியை மீட்பதும் அப்படியே. அந்தக் காலத்து அச்சகங்களில் கோத்த ஈய எழுத்துகளிலும் அது இருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஆண்டிமனியைப் புதையல் போலப் பேசுவது தவறு. பழைய ஈயக் குவியல்கள் மழையில் நனைந்து காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது இரு உலோகங்களும் பிரிகின்றன. ஈயம் சல்பேட்டாக, பின்பு கார்பனேட்டாக, பாஸ்பேட் கிடைத்தால் பைரோமார்பைட்டாக மாறி, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கெட்டிப்படும். ஆண்டிமனியில் ஒரு பங்கு அதே ஈயத்தோடு சேர்ந்து மஞ்சள் மண்ணாக, பிண்ட்ஹைமைட் என்று நாம் அழைத்துவந்த பொருளாக, படியும். இன்னொரு பங்கை இரும்புத் துரு பிடித்துவைக்கும். தரீபாவின் கோசானில் ஆண்டிமனியை வழிகாட்டித் தனிமமாகத் தேடுவது இதனால்தான். மிஞ்சியது நீரில் போகும். அமிலமில்லாத, சுண்ணாம்புத் தன்மையுள்ள நீரில்கூட அது கரைந்தே பயணிக்கும். டோலமைட் பாறை அமிலத்தை முறித்துவிடுகிறது, ஆகவே ஈயம் நீரில் இல்லை, கிணறு பாதுகாப்பானது என்று முடிவுகட்டினால் ஆண்டிமனியைத் தவறவிடுவோம்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் ஆண்டிமனியை வழிகாட்டு அளவாக வைத்திருக்கிறது. 2012-இல் வெளிவந்த நம் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500-இன் நச்சுப் பொருள் அட்டவணையில் ஈயம், ஆர்சனிக், காட்மியம் எல்லாம் உண்டு, ஆண்டிமனி இல்லை. அட்டவணையில் இல்லாததை எந்த மாவட்ட ஆய்வகமும் அளக்காது. பழைய ஈயச் சுரங்கங்களும் பழங்காலக் கசடுக் குவியல்களும் உள்ள ஊர்களின் கிணறுகளிலாவது ஆண்டிமனியையும் தாலியத்தையும் அளந்து, முடிவை அந்த ஊர்க்காரர்களின் மொழியிலேயே அவர்களிடம் கொடுங்கள். ராயைட் கண்டறியப்பட்ட நாளிலிருந்து தரீபாத் தாதுவில் தாலியம் இருப்பது நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் நீரை அளக்காமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது.

இதற்கு நிதி பெரிதாக வேண்டியதில்லை. மூன்று சுரங்கப் பகுதிகளின் கோர்களைக் கூரையும் அலமாரியும் உள்ள ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். உங்கள் ஆய்வகங்களில் எலக்ட்ரான் நுண்பகுப்பாய்வுக் கருவி இருக்கிறது. அதில் ஒரு பங்கு நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் கைவிடப்படும் தாதுத் தகடுகளையும் மாதிரிகளையும் ஏற்றுக்கொள்ள ஒரு சுற்றறிக்கை போதும். முதலில் அந்தச் சுற்றறிக்கையை அனுப்புங்கள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஏதாவதொரு துறையில் அலமாரி காலியாகிறது. உங்களிடமிருந்து முகவரி வந்தால் என் மாணவர்களோடு சேர்ந்து மாதிரிகளைப் பட்டியலிட்டு, பொதிந்து, நாங்களே அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு கனிமவியல் ஆசிரியர்